விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொட்டியில் தக்காளி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, செடி துவள்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: ‘தவறாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அங்கேதான் இருக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே காற்று நிற்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. வேர் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். ஓயாமல் ஊற்றினால் அந்த இடமெல்லாம் தண்ணீர் நிறைந்து, வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். அதைப் பார்த்து மனம் கேட்காமல் நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம்.

நான் தோட்டம் போட்ட முதல் வருடம் பன்னிரண்டு தக்காளிச் செடிகளை இப்படித்தான் சாகடித்தேன். கடைசிச் செடியைப் பிடுங்கியபோது வேர் பழுப்பாகக் கூழாகி, சாக்கடை நாற்றத்தோடு கையில் வந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வடிதுளையை மண்கட்டி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு தொட்டியிலும் ஒன்றைக்கூட அதற்கு முன் நான் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் பூவாளியைத் தொடாதீர்கள். காய்ந்திருந்தால், வடிதுளை வழியாக நீர் வெளியே வரும்வரை ஒரே தடவையில் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும். வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே நின்றுவிடும். உரம் இப்போது வேண்டவே வேண்டாம். நொந்துபோன வேரை அது சுட்டுவிடும். செடி தேறிப் புதுத் துளிர் விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில் விழுகிறது. கத்தரி வளருமா?

பதில்: வளரும், காய்க்காது. காய் தரும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். நீங்கள் கீரையும் புதினாவும் போடுங்கள்.

கேள்வி: தொட்டி, மண், விதை, உரம் என்று கணக்குப் பார்த்தால் காய்கறியை வாங்குவதே மலிவு என்கிறார் என் கணவர். வீட்டில் வளர்ப்பதில் உண்மையிலேயே லாபம் உண்டா?

பதில்: முப்பது வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: முதல் வருடக் கணக்கில் உங்கள் கணவருக்குத்தான் வெற்றி. ஆனால் தொட்டியும் மண்ணும் வருடா வருடம் வாங்கும் பொருள்கள் அல்ல. எதை வளர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் தொட்டியை ஒதுக்கினால் நஷ்டம்தான். ஒரு முறை பிடுங்கினால் முடிந்தது. மிளகாய்ச் செடி ஒன்று மாதக்கணக்கில் காய்க்கும். கீரையை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும்.

கணக்கில் வராத லாபமும் உண்டு. பறித்த கணத்திலிருந்தே கீரையில் வைட்டமின் சி குறையத் தொடங்குகிறது. தொலைதூரம் போகவேண்டிய தக்காளியைப் பெரும்பாலும் முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்துவிடுவார்கள். உங்கள் தக்காளி கொடியிலேயே சிவக்கலாம். அதன்மேல் என்ன தெளித்தீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: வெண்டையை மட்டும் ‘இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்’ என்று விடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் அது நாராகிவிடும். கணவர் அதையும் நஷ்டக் கணக்கில் எழுதுவார்.

கேள்வி: பூசணிக் கொடியில் பூவாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை. ஏன்?

பதில்: பூவின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? அடியில் குட்டிக் காய் போல உருண்டை இருந்தால் அது பெண் பூ. மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. கொடியில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். அவை உதிர்ந்தால் பதற வேண்டாம். பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி விழுகிறதென்றால் தேனீ வரவில்லை என்று பொருள். பூ விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். ஆகவே காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் கல்யாணம் கூடிவிட்டது.

தக்காளிக்கு இந்தத் தரகு வேலை தேவையில்லை. அதன் ஒரே பூவில் இரண்டும் உண்டு. காற்று இல்லாத இடமென்றால் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், போதும்.

கேள்வி: வாங்கிய தக்காளியின் விதையையே முளைக்கப் போடலாமா?

பதில்: போடலாம், முளைக்கும். ஆனால் அது கலப்பின ரகமாக இருந்தால் ‘தாயைப் போலப் பிள்ளை’ என்ற பழமொழி பொய்த்துப்போகும். பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வரும். நான் ஒரு முறை போட்டதில் நெல்லிக்காய் அளவில் புளித்த பழங்கள் காய்த்தன.

கேள்வி: மிளகாய்ச் செடியில் எறும்புகள் ஏறி இறங்குகின்றன. எறும்புப் பொடி போடலாமா?

பதில்: எறும்பு அங்கே மாடு மேய்க்கப் போகிறது. துளிர்களின் அடியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. பொடியை விடுங்கள், அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

கேள்வி: செடிகளோடு பேசினால் நன்றாக வளருமாமே?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். பேசும்போது இலையைத் திருப்பி அடியில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பூவாளியை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள்.