தேங்காயிலிருந்து வந்ததெல்லாம் மென்மையா? கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து: அக்கா, ஷாம்பு பாட்டிலில் ‘தேங்காயிலிருந்து எடுக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். நாங்களே தோப்புக்காரர்கள்தான். நம்பி வாங்கலாமா?

அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதைக் கொழுப்பு ஆல்கஹாலாக்கி சல்பேட் ஏற்றினால் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள். தோல் ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க இதைத்தான் தடவுகிறார்கள்! அதே ஆல்கஹாலைக் குளுக்கோஸுடன் சேர்த்தால் கோகோ குளுக்கோசைடு, பரம சாது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம், குணம் வேறு. போதாக்குறைக்கு, பனைக்கொட்டை எண்ணெயிலும் லாரிக் அமிலம் ஏராளம். பெயரில் ‘கோகோ’ (தேங்காய்) இல்லாத லாரில் வகைச் சரக்கு காங்கேயத்துக் களத்தில் காய்ந்த கொப்பரையிலிருந்துதான் வந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஈரோட்டிலிருந்து: அப்படியானால் பாட்டிலின் பின்பக்கம் எதைத் தேடுவது?

கோகோ குளுக்கோசைடு, டெசில் குளுக்கோசைடு, சோடியம் கோகாயில் ஐசெதியோனேட், சோடியம் கோகாயில் குளுட்டமேட். பெயரைவிட இடம் முக்கியம். பட்டியலில் அளவு அதிகமானது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து லாரில் சல்பேட்டும், வாசனைக்கும் கீழே கோகோ குளுக்கோசைடும் இருந்தால், அது ஒப்புக்குச் சேர்த்தது.

தாராபுரத்திலிருந்து: எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். சோப்பு நுரைப்பதே இல்லை. தோலும் வெள்ளை பூத்துவிடுகிறது.

பக்கெட் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகு மாதிரி வெள்ளையாக வரும். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாமல் நின்றுபோன படிவு அது. தோலிலும் முடியிலும் அதுவேதான் ஒட்டுகிறது. ஐசெதியோனேட்டில் செய்த கட்டி கடின நீரில் இப்படித் திரிவதில்லை. தவிர, சோப்பின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9, 10 வரை போகும். நம் தோலுடையது 5-ஐ ஒட்டியது. செக்கெண்ணெயில் ஊற்றிய கைவினைச் சோப்பும் இதற்கு விலக்கல்ல. விலை கூடுதல் என்பதால் வேதியியல் மாறிவிடாது.

கோபியிலிருந்து: கோகோ குளுக்கோசைடு வாங்கி வீட்டிலேயே குளியல் திரவம் செய்தேன். கை வறண்டு போகிறது. உப்புப் போட்டும் கெட்டியாகவில்லை.

பிஎச் பார்த்தீர்களா? கடையில் வரும் குளுக்கோசைடு 11, 12 என்ற அளவில் கடும் காரமாக இருக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, பிஎச் தாளை நனைத்து நனைத்துப் பார்த்து, 5 முதல் 5.5-க்குள் கொண்டுவர வேண்டும். இதை விட்டுவிட்டால் மென்மையான சரக்கு என்று வாங்கியதற்கே பொருள் இல்லை. சோடியம் பென்சோயேட் போன்ற பதன்பொருளும் அமிலத்தில்தான் வேலை செய்யும். பதன்பொருளே வேண்டாம், இயற்கையாக இருக்கட்டும் என்று கற்றாழைச் சாற்றை ஊற்றி வைப்பவர்கள் வளர்ப்பது பூஞ்சையை. உப்பால் கெட்டியாவது சல்பேட் கலவைகளின் வழக்கம். குளுக்கோசைடுக்குச் சாந்தன் பிசின் வேண்டும்; முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டால் கட்டி தட்டாது.

உடுமலையிலிருந்து: ஷாம்புகளில் சேர்க்கும் கோகமிடோபுரொப்பைல் பீட்டைன் என்ற நுரைப்பொருள் ஒவ்வாமை தரும் என்கிறார்களே?

சிலருக்குத் தரும். 2004-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. பெரும்பாலும் குற்றவாளி பீட்டைன் அல்ல, தயாரிப்பில் மிஞ்சி நிற்கும் அமீன் கசடுகள். ஷாம்பு போட்ட பிறகு இமையும் கழுத்தும் தொடர்ந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

பெருந்துறையிலிருந்து: எண்ணெய்க் குளியலுக்கு அரப்பை விட்டுவிட்டுக் குளுக்கோசைடு ஷாம்புக்கு மாறலாமா?

எதற்கு மாற வேண்டும்? அரப்பு என்பது உசிலை இலைப் பொடிதான்; அந்த இலையிலேயே சபோனின் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. பொடி எண்ணெயை உறிஞ்சவும் செய்கிறது. விளக்கெண்ணெய் தேய்த்த தலைக்குக் குளுக்கோசைடு ஷாம்பு இரண்டு முறை போட வேண்டியிருக்கும். அரப்பு கண்ணில் பட்டால் எரியும் என்பதால் சின்னக் குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.