தாயம் உருட்டினால் கணக்கு வருமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்த்து 28 பிள்ளைகள் ஒரே அறையில். இரண்டு மாதமாகக் கணக்குப் பாடவேளையில் பல்லாங்குழி, தாயம், பரமபதம் எல்லாம் ஆட வைக்கிறேன். பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் தாளில் கழித்தலும் வகுத்தலும் கொடுத்தால் பழையபடியே தடுமாறுகிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பில் சொல்கிறார்கள். "வெளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஓர் அம்மா நேரிலேயே கேட்டுவிட்டார். தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: விட்டுவிடாதீர்கள். ஆனால் இப்போது ஆடுகிறபடியே இன்னும் ஆறு மாதம் ஆடினாலும் தேர்வுத்தாளில் பெரிய மாற்றம் வராது. குறை பிள்ளைகளிடமோ உங்கள் உழைப்பிலோ இல்லை. கணக்கே போடாமல் இந்த ஆட்டங்களை ஆடி முடித்துவிட முடியும், அதுதான் காரணம்.

பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் இருக்கும் முத்துகளை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளுகிறோம். கையில் 6 இருந்ததா 9 இருந்ததா என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுப்பதைக்கூடக் கண்ணால் பார்த்தே செய்துவிடலாம். தாயத்தில் விழும் கூட்டுத்தொகை பெரும்பாலும் 6-க்குள். 2-ஐயும் 3-ஐயும் கூட்டத் தெரியாத பிள்ளை உங்கள் மூன்றாம் வகுப்பில் இருக்காது. தெரிந்ததையே நூறு முறை செய்தால் புதிதாக என்ன வந்து சேரும்?

ஆகவே எந்த ஆட்டத்தை வகுப்புக்குக் கொண்டுவரும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கற்பிக்க நினைக்கும் கணக்கைப் போடாமல் ஒரு பிள்ளை இதில் காய் நகர்த்த முடியுமா? முடியும் என்றால் அந்த ஆட்டம் மதிய இடைவேளைக்கு நல்லது. பாடவேளைக்குக் கொண்டுவர வேண்டுமானால் அதில் ஒரு விதியையாவது மாற்ற வேண்டும்.

ஒரு சின்ன விதிமாற்றம் எவ்வளவு செய்யும் என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த வீட்டு மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய பலகையில் ஆடினார்கள். ஒவ்வொரு முறையும் 15, 20 நிமிடம். இரண்டு வாரத்தில் நான்கே முறை. எண்ணில் எது பெரிது எது சிறிது என்கிற புரிதல் தெளிவாக வளர்ந்தது. இன்னொரு குழுவும் அதே மாதிரிப் பலகையில்தான் ஆடியது. கட்டங்களில் எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும். அவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை.

2014-இல் சீக்லர் எலிடா லாஸ்கியுடன் சேர்ந்து 100 கட்டப் பலகையில் இதைத் தொடர்ந்தார். காய் 25-இல் நிற்கிறது, 2 விழுகிறது என்று வையுங்கள். “26, 27” என்று சொல்லி நகர்த்திய பிள்ளைகளுக்குப் பயன் கிடைத்தது. “ஒன்று, இரண்டு” என்று சொல்லி நகர்த்தியவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. பலகையும் நேரமும் மாறவில்லை, வாயில் சொன்ன எண் மட்டுமே வேறு. நாளைக்கே உங்கள் வகுப்பில் பரமபதம் ஆடும் பிள்ளைகள் அருகே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லாரும் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றுதான் தட்டிக்கொண்டு போவார்கள்.

இன்னொரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பின்னாளில் 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும், உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கியும் உள்ளிட்ட குழு, கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் அமைப்புடன் சேர்ந்து டெல்லியில் 214 முன்பருவப் பள்ளிகளில் செய்தது, 2017-இல் வெளியானது. எண்ணிக்கையையும் வடிவங்களையும் கண்ணால் ஒப்பிடும் ஆட்டங்களைப் பல மாதம் ஆடினார்கள். அந்த உள்ளுணர்வுத் திறன் வளர்ந்தது; ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. ஆனால் அதே பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் போனபோது, எண்ணை எழுதிப் போடும் பள்ளிக் கணக்கில் மற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை. ஆட்டத்தில் வளர்ந்தது தானாக நோட்டுக்கு நடந்து வந்துவிடாது. அதைக் கைப்பிடித்துக் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை.

நம் மாநிலத்துச் செயல்வழிக் கற்றலில் இதற்கு வழி இருந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது அது. ஏணிப்படி போல வரிசைப்படுத்திய பாட அட்டைகளில் பிள்ளை ஒவ்வொன்றாக ஏறும்போது அறிமுகம், பயிற்சி என்று போய் மதிப்பீட்டு அட்டையில்தான் ஒரு கட்டம் முடியும். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் செயல்பாட்டோடு பயிற்சி நூல் சேர்ந்தே வருகிறது. வேலைநெருக்கடியில் நாம் விட்டுவிடுவது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

இனி உங்கள் மூன்று ஆட்டங்களுக்கு வருகிறேன்.

பல்லாங்குழியில் இரண்டு விதியைச் சேருங்கள். முதலாவது: அள்ளும் முன் ‘கையில் எத்தனை, கடைசி முத்து எந்தக் குழியில் விழும்’ என்று சொல்ல வேண்டும். குழிகளுக்குச் சாக்பீஸால் 1 முதல் 14 வரை எண் எழுதிவிடுங்கள். சரியாகச் சொன்னால் தொடர்ந்து ஆடலாம், தவறினால் ஆட்டம் எதிராளிக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் கொஞ்ச நாளில் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: கையில் 16 இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 14 போக மீதி 2, ஆகவே அள்ளிய குழியிலிருந்து இரண்டாவது குழி. வகுத்தல் மீதி என்பது அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் உண்மையாகிறது. நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் பிள்ளைக்கே கிடைக்கட்டும்.

இரண்டாவது விதி, ஆட்டம் முடிந்த பிறகு. குழிக்கு 5 வீதம் 14 குழியில் தொடங்கினால் மொத்தம் 70 முத்து. ஒருவர் 37 எடுத்தார், மற்றவர் 33 என்று வையுங்கள். அடுத்த சுற்றுக்கு ஆளுக்கு ஏழு குழியை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 37 வைத்திருப்பவருக்கு ஏழும் நிரம்பி 2 மிஞ்சும். 33 வைத்திருப்பவருக்கு ஆறு நிரம்பி, ஏழாவதில் 3 மட்டும் விழும். இதை நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். நீங்கள் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி; நோட்டில் 37 = 7 × 5 + 2, 33 = 6 × 5 + 3, 37 + 33 = 70 என்று இருவரும் எழுதிக் காட்டிய பிறகே அடுத்த சுற்று. அடுத்த வாரம் குழிக்கு 6 வைத்தால் மொத்தம் 84, ஆறாம் வாய்ப்பாடு. தாளில் ‘37 ÷ 5’ என்று பார்க்கும்போது பிள்ளையின் மனத்தில் குழிகள் வர வேண்டும். எழுதாவிட்டால் அந்த இரண்டும் சேரவே சேராது.

பரமபதத்தில் முதலில் பலகையை மாற்றுங்கள். கடைப் பலகையில் எண்கள் வளைந்து வளைந்து ஏறும். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். அதனால் 14-க்கு நேர் மேலே 27 நிற்கும். தரையில் நீங்களே கோடு போட்டு எல்லா வரிசையையும் இடமிருந்து வலமாக எழுதினால் 14-க்கு மேல் 24, அதற்கு மேல் 34. பத்து கூட்டினால் ஒரு படி மேலே என்பது கண்ணிலேயே தெரியும். நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தாலும் ஏணி ஏறினாலும் எத்தனை இறங்கினோம், எத்தனை ஏறினோம் என்று எழுத வேண்டும்: 47-இலிருந்து 19-க்கு வந்தால் 47 − 19 = 28. ஒரு ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்தாறு கழித்தல் முணுமுணுப்பில்லாமல் நடந்துவிடும்.

தாயம் உங்கள் வகுப்புக்குக் கூட்டல் கற்பிக்காது என்று சொன்னேன். அதற்கு வேறொரு பெரிய பயன் இருக்கிறது. தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு வெற்றுப்பக்கம். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 3 வர நான்கு வழி; 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று; 1-க்கும் 5-க்கும் இரண்டு இரண்டு; 6-க்கு ஒன்று; இரண்டும் வெற்றாக விழுந்து 12 ஆவதற்கு ஒன்று. நாம் எதற்கெல்லாம் மறுபடி உருட்ட விடுகிறோம்? 1, 5, 6, 12. நான்கும் அபூர்வமாக விழுகிறவை. நான்கையும் சேர்த்தாலும் 16-இல் 6 வழிதான், மற்ற மூன்று எண்ணுக்கு 10 வழி. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டைத் திண்ணையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தீராத வியப்பு. பிள்ளைகளிடம் விடையைச் சொல்லாமல், ஒவ்வொரு குழுவும் 50 முறை உருட்டி எது எத்தனை முறை விழுந்தது என்று நேர்க்கோட்டுக் குறி போடட்டும். எல்லாக் குழுவின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டிக் கட்டவரைபடம் போடுங்கள். தகவல் செயலாக்கப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

கூட்டலுக்கும் இடமதிப்புக்கும் சாதாரணப் பகடை போதும். ஆளுக்கு ஆறு முறை உருட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் விழுந்த எண்ணைப் பத்தாக வைப்பதா ஒன்றாக வைப்பதா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். 3 விழுந்தால் 30 அல்லது 3. ஆறு உருட்டல் முடிவில் 100-ஐத் தாண்டாமல் யார் அருகில் நிற்கிறார்களோ அவர் வென்றார். இதில் யோசிக்காமல் ஒரு காயும் நகராது.

சத்தத்தைப் பற்றி. வகுப்பு சத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்தச் சத்தத்தில் எண்கள் காதில் விழுகின்றனவா என்று கேளுங்கள். “ஏய், என் முறைடா” என்பது மட்டுமே கேட்டால் குழு பெரிதாகிவிட்டது என்று பொருள். ஒரு பிள்ளையை முன்னால் அழைத்து மற்றவர்கள் பார்க்கும் ஆட்டம் என்றால், 40 நிமிடத்தில் 28 பேருக்கு ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. மீதி நேரம் முழுக்க வேடிக்கையும் கூச்சலும்தான். நாலு நாலு பேராக ஏழு குழு போட்டால் 20 நிமிட ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் சொந்த முறை கிடைக்கும். பலகை வாங்கத் தேவையில்லை, தரையும் சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும். பகடையைத் துண்டு விரித்து அதன்மேல் உருட்டச் சொன்னால் பாதி இரைச்சல் அடங்கும். உருட்டியவர் மட்டுமே காயைத் தொடலாம், அடுத்து உருட்டப் போகிறவர்தான் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை நால்வருக்கும் சேர்த்து விடை சொல்லிவிடும்.

பரிசு, நட்சத்திரம், மிட்டாய் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலைகள், பின்பு தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்து போனார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆட்டமே இனிக்கும்போது அதற்கு மேல் மிட்டாய் எதற்கு? திறன் வகுப்பறைத் திரையில் ஓடும் கஹூட் போன்ற வினாடி வினாக்களையும் அளவோடு வையுங்கள். வேகத்துக்கு மதிப்பெண் கூடும் ஆட்டத்தில், நிதானமாக யோசிக்கிற பிள்ளை எப்போதும் கடைசியில் நிற்கும்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்த நோட்டு காலியாக இருந்திருக்கும். இனி ஆட்டம் நடக்கும் நாளில் நோட்டில் ஐந்தாறு கணக்காவது இருக்கும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, பெற்றோரை நாலு நாலு பேராக உட்கார வைத்து அந்த 100 ஆட்டத்தை ஆட விடுங்கள். பல்லாங்குழிக்கு ஊரிலுள்ள பாட்டி யாரையாவது அழையுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், உங்கள் பிள்ளைகள் வீட்டில் ஆடுவது எது என்று அவருக்குத்தான் தெரியும்.

வாரத்தில் இரண்டு நாள் ஆட்டம் போதும். 20 நிமிடம் ஆடட்டும், 10 நிமிடம் எழுதட்டும், கடைசி 10 நிமிடம் “நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று இரண்டு மூன்று பிள்ளைகளைப் பேச வையுங்கள். மற்ற நாட்களில் நேரடியாகப் பாடம் நடத்துங்கள். கடன் வாங்கிக் கழிப்பது போன்ற ஒரு முறையை முதன்முதலாக அறிமுகம் செய்யும்போது, கரும்பலகையில் தெளிவாக விளக்குவதுதான் நல்லது. முறை பிடிபட்ட பிறகு அது கைக்கு வரவே ஆட்டம்.

தொடங்கும் முன் கழித்தலும் வகுத்தலும் கலந்து பத்துக் கணக்கு கொடுத்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே அளவு கடினத்தில் வேறு பத்து. வகுப்பில் பெரும்பாலோருக்கு ஏறாவிட்டால் ஆட்டத்தின் விதியை மறுபடி பாருங்கள். நாலைந்து பேருக்கு மட்டும் ஏறாவிட்டால், அவர்களுக்கு வாய்ப்பாடோ பத்துக்கு மேல் எண்ணுவதோ இன்னும் பிடிபட்டிருக்காது. மற்றவர்கள் ஆடும் அந்த 20 நிமிடத்தில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, போட்டி எதுவும் இல்லாமல், புளியங்கொட்டையை ஐந்தைந்தாகப் பிரித்து எண்ண வையுங்கள்.