வேலை செய்யும் இடத்தில் முறைகேடு நடக்கிறது. தெரிந்தும் வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. பேசத்தான் வேண்டுமா?

பேச வேண்டும். ஆனால் வெறுங்கையோடு பேசாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

நான் திருகோணமலை. எங்கள் ஊரில் இதைக் கேட்டால் பலருக்கு 2006 தான் நினைவுக்கு வரும். அந்த வருடம் ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்துவிட்டது என்று முதலில் கதை சொல்லப்பட்டது. செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்தன. உடல்களில் இருந்தவை சூட்டுக் காயங்கள் என்பதைப் பார்த்தவுடனே யாருக்கும் விளங்கியது. குண்டுக் கதை அதன்பிறகு எடுபடவில்லை. ஆனால் அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் புறப்பட்ட சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஐந்து மாணவர்களில் ஒருவரான தன் மகனை இழந்த மருத்துவர் மனோகரன் மரண விசாரணையில் சாட்சி சொன்னார், பிறகு மிரட்டல் தாங்காமல் நாட்டை விட்டே போனார். 2019இல் மாணவர் கொலை வழக்கின் சந்தேக நபர்கள் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகளைத் துரத்திவிட்டு, சாட்சி இல்லை என்றால் என்ன செய்வது?

ஆகவே "துணிந்து பேசு" என்று சும்மா அறிவுரை சொல்பவர்களில் எனக்குப் பெரிய மதிப்பில்லை.

உங்கள் விஷயம் அந்தளவுக்குப் பாரதூரமானதாக இராது. எங்கள் பெரியம்மாவின் கதைதான் உங்களுக்குப் பொருந்தும். அவர் அங்கத்தவராக இருந்த ஒரு சங்கத்தில், நிவாரணப் பட்டியலில் செத்துப்போன ஆட்களின் பெயரும் இருந்தது. சனத்துக்கெல்லாம் தெரியும். கூட்டத்தில் எழும்பிக் கேட்டது பெரியம்மா மட்டும்தான். மற்ற எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். இருட்டின பிறகு ஒவ்வொருவராகக் குசினி வாசலால் வந்து, "நீங்க கேட்டது சரிதான் அக்கா" என்றார்கள். பெரியம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அப்ப நாளைக்கு முன்வாசலால வாங்கோ, ஒரு கடிதம் எழுதுவம்" என்றார். மூன்று பேர் வந்தார்கள். அது போதுமாக இருந்தது.

இலங்கையில் இருக்கிறீர்களென்றால் வழி இருக்கிறது. அரச அலுவலகமோ அரச பணம் புழங்கும் இடமோ என்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். "யார் திருடினது" என்று கேட்காதீர்கள். எத்தனை பேருக்கு, எந்தத் திகதியில், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். லஞ்சம் என்றால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இலேயே ஒரு சட்டம் வந்தது, 2023இல் புதுப்பித்தார்கள். அதை மட்டும் நம்பி இறங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

பார்த்ததைத் திகதி போட்டு எழுதுங்கள், பிரதியை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கடிதத்தை அனுப்பமுதல் இரண்டாவது கையெழுத்துப் போட ஒரு ஆளைப் பிடியுங்கள்.