பின் சீட்டு பெல்ட் முதல் குழந்தை சீட் வரை: கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் இருந்து: அண்ணா, பின்னால் உட்காருகிறவர்களும் சீட் பெல்ட் போடணுமா? பாண்டி வரைக்கும்தானே போகிறோம்.

கட்டாயம் போடணும். போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். அதை விடுங்கள், பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலில் முன் சீட்டின் மேல் போய் விழுவார். பெல்ட் போட்டிருக்கும் டிரைவருக்கும் சேர்த்து ஆபத்து. பல கார்களில் பின் சீட்டு பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கையை விட்டுத் தேடி வெளியே எடுங்கள். கவரில் வழி இல்லை என்றால் தைத்த கடையிலேயே கொடுத்து வெட்டி வாங்குங்கள்.

முத்தியால்பேட்டையில் இருந்து: சார், குழந்தைக்கு ஒன்பது மாசம். மனைவி முன் சீட்டில் மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். போதாதா?

போதாது சார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை கிட்டத்தட்ட 140 கிலோ கனத்தோடு கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. எதிரே ஏர்பேக் வேறு வெடிக்கும். பின் சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி சைல்டு சீட் வையுங்கள். இந்த வயதில் தலை கனம், கழுத்துக்கு பலம் போதாது. முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் சாய்ந்தால்தான் கழுத்து தப்பும். மாட்டியபின் பெல்ட் போகிற இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக்கூடாது. தோள்பட்டை வாரை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு சிக்கக்கூடாது. சிக்கினால் இன்னும் இறுக்குங்கள்.

பாகூரில் இருந்து: மகளுக்கு எட்டு வயசு. பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று கைக்கு அடியில் விட்டுக்கொள்கிறாள்.

விடவே கூடாது. மோதலில் விலா எலும்பும் வயிறும் அடிவாங்கும். குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வாங்கிக் கொடுங்கள். உயரம் 145 சென்டிமீட்டரை ஒட்டி வரும்வரை அது தேவைப்படும். மேல் பெல்ட் தோளின் நடுவிலும், கீழ் பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பிலும் படியணும்.

தேவனாம்பட்டினத்தில் இருந்து: 2024 ஃபெஞ்சல் மழையில் காருக்குள் தண்ணீர் ஏறியது. அதிலிருந்து டிரைவர் பெல்ட் மெதுவாகத்தான் உள்ளே போகிறது. எண்ணெய் விடலாமா?

எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டி இன்னும் கெடும். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கதவில் மாட்டி நசுங்கிய தடம், பிரிந்த நூல், வெளுத்து விறைத்த துணி என எது தட்டுப்பட்டாலும் மாற்றவேண்டியதுதான். வெறும் அழுக்கு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுத் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு உள்ளே விடுங்கள். ப்ளீச், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். அப்புறம் வெடுக்கென்று ஓர் இழுப்பு. பெல்ட் சட்டென்று பூட்டிக்கொள்ளணும். கடற்காற்று ஊர் என்பதால் தரையில் இருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் பெல்ட்டைச் சுற்றி உள்ளே இழுக்கும் ரீல் மேல்தான். அது கதவுத் தூணின் அடியில் இருக்கிறது, தண்ணீர் அதுவரை வந்திருந்தால் உள்ளே சேறு நிற்கும். தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள், பல கார்களில் மோதலின்போது பெல்ட்டை இறுக்க அதற்குள் சின்ன வெடிமருந்து உண்டு. சர்வீஸ் சென்டரில் காட்டி முழு செட்டாக மாற்றிவிடுங்கள்.

வில்லியனூரில் இருந்து: அக்கா பையனுடைய பழைய சைல்டு சீட்டை வாங்கிக்கொள்ளலாமா?

விபத்தில் சிக்காத சீட் என்று அக்கா உறுதியாகச் சொன்னால், அடியிலோ பின்னாலோ அச்சடித்த காலாவதித் தேதி தாண்டவில்லை என்றால், பிளாஸ்டிக்கில் கீறல் இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள்.