காசு வாங்கிய சென்சார் எங்கே? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மோட்டாரில் தானாகத் திறக்கும் கேட் எங்களுடையது. கரண்ட் போன ராத்திரி அது திறக்காமல் தெருவிலேயே நின்றோம். மோட்டார் மட்டமா? (ராமமூர்த்தி நகர்)

பதில்: மோட்டாரோடு வந்த ரிலீஸ் சாவி (மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் திறக்க வைப்பது) பீரோவில் தூங்குகிறது. ஒன்றைக் கார் சாவியோடு கோத்து வையுங்கள். 24 வோல்ட் டிசி மோட்டார் என்றால், கரண்ட் போனாலும் ஓட 12 வோல்ட் பேட்டரி இரண்டை சீரிஸில் சேர்க்கலாம். பில் இல்லாமல் மலிவாக நான் வாங்கிய ஜோடி எட்டு மாதத்தில் வயிறு வீங்கியது. நீங்கள் பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: ஏழடிக் கதவு இரண்டு, முழுக்க ஷீட். '300 கிலோ' மோட்டார் ஆன்லைனில் வாங்கினோம். காற்றடித்தால் பாதியில் நிற்கிறது. (பனசங்கரி)

பதில்: எடைக்குப் பக்கத்திலேயே கதவின் நீளமும் போட்டிருக்குமே, படித்தீர்களா? நீளம் கூடினால் தாங்கும் எடை குறையும். ஷீட் கதவு பாய்மரம் மாதிரி; ஆடிக் காற்றையும் சேர்த்து மோட்டார் தள்ள வேண்டும். ஷீட்டில் இடைவெளி வெட்டுங்கள், இல்லை பெரிய மோட்டார் வாங்குங்கள்.

கேள்வி: பில்லில் ஃபோட்டோசெல்லுக்கும் (வழியில் எதுவும் இருந்தால் கேட்டை மூடவிடாத சென்சார்) காசு வாங்கினார்கள், மாட்டவில்லை. போன வாரம் கேட் மூடி, கார் கதவு நசுங்கியது. கடைக்காரர் "நீங்கள்தான் கவனிக்கணும்" என்கிறார். (அல்சூர்)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. மெயினை அணைத்துவிட்டு, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டின் பெட்டியைத் திறந்து, ஃபோட்டோசெல் டெர்மினலைப் பாருங்கள். ஒரு இஞ்ச் வயர் துண்டு இரண்டு ஸ்க்ரூவையும் இணைத்திருக்கும். 'வழியில் எதுவும் இல்லை' என்று போர்டை ஏமாற்றும் துண்டு அது. முதலில் போட்டோ எடுங்கள்.

எனக்குத் தீராத எரிச்சல் இன்னொன்று: ஃபோர்ஸை, அதாவது மோட்டார் தள்ளும் பலத்தை, முழுசாகத் திருகிவைப்பது. கீல் இறுக்கம், தொங்கல் எல்லாம் அதில் மறைந்துவிடும். தடை வந்தாலும் கேட் நிற்காது. மோட்டாரை ரிலீஸ் செய்து கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு கையில் ஓட வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வெல்டரைக் கூப்பிடுங்கள், எலக்ட்ரீஷியனை அல்ல. திறக்கும் இடத்திலும் மூடும் இடத்திலும் தரையில் ஸ்டாப்பர் வேண்டும். மோட்டாரைத் தூணில் பிடிக்கும் பின் பிராக்கெட்டின் இரண்டு அளவும், அதாவது கீல் மையத்திலிருந்து பக்கவாட்டிலும் உள்பக்கமாகவும், ஏறக்குறைய சமமாக இருந்தால் கதவு வெட்டி இழுக்காது. தூண் அகலமாக இருந்து அது அமையாவிட்டால் முழங்கை மாதிரி மடங்கும் ஆர்ம் மோட்டார்தான் சரி. இதெல்லாம் முடிந்து, ஃபோர்ஸைக் குறைந்த அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடுவில் அட்டைப்பெட்டி வைத்தால் கேட் நின்று திரும்ப வேண்டும். ஃபோட்டோசெல்லை இரு தூணிலும் சுமார் 50 செ.மீ. உயரத்தில் நேர் எதிரெதிராக மாட்டச் சொல்லுங்கள்.

கடைக்குப் பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கார் ரிப்பேர் பில்லையும் சேருங்கள்.

கேள்வி: மூடும்போது இரண்டு கதவும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கிறது. (ஹொரமாவு)

பதில்: இரண்டு மோட்டாரின் வயர்களும் போர்டில் இடம் மாறியிருக்கின்றன. நடு இடைவெளியை மூடும் பட்டி வைத்த கதவு முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டும். இரண்டு கதவும் நகர ஆரம்பிப்பதற்கு நடுவில் மூன்று, நாலு செகண்ட் இடைவெளி வையுங்கள்.

கேள்வி: உள்ளே சரிவு ஏறுகிறது, கதவு இடிக்கும். தெருப்பக்கம் திறக்கிற மாதிரி மோட்டார் போடலாமா? (கம்மனஹள்ளி)

பதில்: கூடாது. நடைபாதை உங்களுடையது அல்ல. பக்கவாட்டில் இடம் இருந்தால் ஸ்லைடிங் கேட் போடுங்கள்.