சோபாவுக்கு மேலே ஒரு பழைய கடல்

அன்புள்ள சார்,

லாஸ்பேட்டையில் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஹாலில் சோபாவுக்கு மேலே பழைய பாண்டிச்சேரி கடற்கரைப் படம் ஒன்றை, கறுப்பு வெள்ளையில், நாலடி அகலத்துக்கு மாட்டலாம் என்கிறார் இன்டீரியர்காரர். மகனோ, “யாரோ எடுத்த கடல் நமக்கு எதுக்கு?” என்கிறான். உங்கள் கருத்து?

சு., லாஸ்பேட்டை

அன்புள்ள சு.,

மாட்டுங்கள். ஆனால் நாலடி வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கிற பழைய படங்களில் அஞ்சலட்டையிலிருந்து ஸ்கேன் செய்தவை நிறைய. ஐந்தரை அங்குல அட்டையை நாலடிக்கு இழுத்தால் அலை தெரியாது, அச்சுப் புள்ளிதான் தெரியும். அதே அளவில் பிரின்ட் போட்டு, சுற்றிலும் அகலமாக வெள்ளை மவுன்ட் விட்டு ஃப்ரேம் செய்யுங்கள். வருகிறவர்கள் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்க்கட்டும்.

பார்த்தால், மேகமே இல்லாத வானம். அந்தக்காலக் கண்ணாடித் தகட்டில் நீல ஒளி மட்டும் சீக்கிரம் பதிந்துவிடும். நீல வானம் வெளுத்துப்போகும். மேகத்தைத் தனி நெகட்டிவில் எடுத்துச் சேர்த்து அச்சிட்டவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்த வெறும் வானம்தான் பிடிக்கிறது. அதற்குக் கீழே, கடலுக்குள் நீளும் பழைய பாலம் இருக்கிற படமாகப் பாருங்கள். 1866-இல் கட்டியது, 1952 புயலில் போனது. காந்தி சிலைப் பக்கம் கடலுக்குள் நிற்கிற துருப்பிடித்த கால்கள் அதனுடையவைதான்.

மகனிடம் படத்தில் இருக்கிற மணலைக் காட்டுங்கள். தெற்கே துறைமுகம் கட்டியபின் வடக்கே நகர வேண்டிய மணல் அங்கேயே தேங்க, ஊர்க்கரை அரித்துப்போய்க் கருங்கல் கொட்டினார்கள். இப்போது தலைமைச் செயலகத்துப் பக்கம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. அவன் வளர்ந்தது அந்தக் கல்லைப் பார்த்துத்தானே?

அப்புறம், அசல் படம் ஏதாவது கிடைத்தால் சுவரில் மாட்டாதீர்கள். படத்தில் இருப்பது வெள்ளி. ஈரக் காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்காது. நகலை மாட்டி, அசலைப் பீரோவில் வையுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பா நிற்கிற படத்தை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். கேட்காமலே லேமினேஷன் போட்டுவிட்டார்கள். இரண்டே மழைக்காலத்தில் முகத்தின் மேல் குமிழ். மடித்துக் கட்டிய வேட்டியும் கையில் பிடித்த செருப்பும் மட்டும் தெளிவாக இருக்கின்றன. அதை வாசலில், செருப்பு கழற்றுகிற இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.