குறட்டையும் இரத்த அழுத்தமும்: வாசகர் கேள்விகள்

மூன்று மாத்திரைகள் சாப்பிட்டும் அழுத்தம் 150-க்குக் கீழே இறங்கவில்லை. நான் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (திருச்சி)

உண்டு. மாத்திரைகளின் பெயரையும் எழுதியிருக்கலாம். அவற்றில் ஒன்று நீர் பிரிக்கும் மாத்திரையாக இருந்தும் அழுத்தம் அடங்காதவர்களைச் சோதித்தால், பெரும்பாலானவர்களுக்கு உறக்க மூச்சுத்தடை, அதாவது உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய், இருக்கிறது. குறட்டை அதன் அறிகுறி. தொண்டை அடைபடும்போதெல்லாம் ஆக்சிஜன் குறைந்து, மூளை அரைகுறையாக விழித்து, இரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் எகிறுகிறது. மணிக்கு முப்பது முறை இப்படி நடந்தால் அந்த இறுக்கம் பகலிலும் தளர்வதில்லை. நான்காவது மாத்திரைக்கு முன் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான் ஒல்லியானவன். எனக்கும் மூச்சுத்தடை வருமா? (ஈரோடு)

வரும். கீழ்த்தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தாலோ, டான்சில் பெருத்திருந்தாலோ போதும்.

மருத்துவரிடம் பார்த்தால் 130/80. ஆனால் காலையில் தலைவலியோடு எழுகிறேன். (மதுரை)

பகலில் எடுத்த அளவை வைத்து இரவைத் தீர்மானிக்க முடியாது. உறக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். மூச்சுத்தடை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அது இறங்குவதில்லை. 24 மணி நேர அழுத்தப் பதிவு எடுத்துப் பாருங்கள்.

ஆறு மாதமாக சி-பேப் கருவி (தொண்டை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருவது) இருக்கிறது, அழுத்தம் குறையவில்லை. பணம் வீண்தானே? (கோவை)

‘இருக்கிறது’ என்று எழுதினீர்களே தவிர, இரவில் எத்தனை மணி நேரம் அணிகிறீர்கள் என்று எழுதவில்லை. “தினமும் போடுகிறேன் டாக்டர்” என்று சொல்பவரின் கருவிப் பதிவைத் திறந்தால் சராசரி இரண்டு மணி நேரம் என்று காட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழும்போது கழற்றி வைப்பார்கள், பிறகு மாட்டமாட்டார்கள். கனவு உறக்கம் மிகுவது விடியலை ஒட்டித்தான். பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அப்போதுதான். 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், ஏறக்குறைய 2,700 இதய, மூளை இரத்தக்குழாய் நோயாளிகளிடம் கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. அவர்கள் அணிந்ததோ சராசரியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒழுங்காக அணிந்தாலும் அழுத்தம் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிகள்தான் குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம். ஆகவே கருவி மாத்திரைக்கு மாற்று அன்று. மாஸ்க் கசிந்தால் அளவை மாற்றுங்கள், மூக்கடைப்புக்கு மருந்து எடுங்கள், உறங்கும் நேரம் முழுதும் அணிந்து மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உறக்கம் கெடுவதால் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா? (சேலம்)

கூடாது. தொண்டைத் தசை இன்னும் தளரக்கூடும். மதுவுக்கும் இதே பதில்தான்.

பத்து கிலோ குறைத்துவிட்டேன். கருவியை விட்டுவிடலாமா? (நாகர்கோவில்)

பாராட்டுகள், எடை குறைப்பு மூச்சுத்தடையோடு அழுத்தத்தையும் குறைக்கும். மறுபரிசோதனையில் மூச்சுத்தடை மணிக்கு ஐந்து முறைக்கும் குறைவு என்று வந்தால் விடலாம். மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.